என் ஏச்சுக்குப் பயந்தவர்கள்

போன வாரம் மஸ்கட்டிலிருந்து ஷைனி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். ரூவியில் நான் வேலை பார்த்த லேடீஸ் சலூனில் இப்போது கலர் செக்‌ஷன் அவள் பொறுப்பு. ஒரு கஸ்டமர் போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே தலையை ப்ளீச் செய்துகொண்டு வந்திருக்கிறாள். முன்பக்கம் ஆரஞ்சு, பின்பக்கம் பாசி பிடித்த தண்ணீர்த்தொட்டி நிறம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தான் எதையும் தொடவே இல்லை, சலூன் ஷாம்புதான் இப்படிச் செய்துவிட்டது என்று சாதிக்கிறாளாம். ஷைனிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் ஏசுவது மாதிரி நாலு வார்த்தை சொல்லித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். அங்கே பெண்கள் இன்னமும் என் ஏச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் ஜமீலா லாத்தாவின் ஞாபகம் வந்தது, பெருமை போன இடம் தெரியவில்லை. அதை வாய்ஸ் மெசேஜில் சொல்ல எனக்கு வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. ஊரில் ஆறு மாத பியூட்டிஷியன் கோர்ஸ், அப்புறம் ஷார்ஜாவில் இரண்டு வருஷம் புருவம் மட்டும். நூலைக் கடித்துக் கடித்து முன்பல் தேய்ந்ததுதான் அந்த இரண்டு வருஷத்துச் சம்பாத்தியம். விசா முடிந்ததும் ரூவிக்கு வந்தேன். அங்கே இருபத்திரண்டு வருஷம். அதில் பதினெட்டு வருஷம் கலர்.

அந்த சலூனின் முதலாளியம்மா வேறு, நடத்தியது ரீமா மேடம், லெபனான்காரர். ஒரு கஸ்டமரின் பெயரும் அவருக்கு நினைவிருக்காது. எல்லோரும் ஹபீப்தி, அரபியில் கண்ணே. ஆனால் ஒருத்தியின் தலைமுடியைப் பார்த்தால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்கு எந்த நம்பர் கலரை எத்தனை கிராம் போட்டோம் என்று சொல்லிவிடுவார். கலர் கலக்குவதற்கென்று ஒரு சின்னத் தராசு வைத்திருந்தார். டியூபைப் பிதுக்கும்போது பின்னால் வந்து நிற்பார். இரண்டு கிராம் கூடிவிட்டால் சத்தம் போடமாட்டார். கிண்ணத்தை எடுத்து அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டு, "யல்லா, அகெய்ன்" என்பார். முதல் மாதம் எனக்கு அழுகையாக வரும். இரண்டாவது மாதம் என் கைக்கே தராசு வந்துவிட்டது.

கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு இருக்கும். புதிதாக யார் வந்தாலும் அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். கடைசியாக வீட்டில் தலைக்கு என்ன போட்டார்கள், எப்போது போட்டார்கள், காதுக்குப் பின்னால் டெஸ்ட் செய்தாயிற்றா. டெஸ்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போடப் போகிற கலரில் ஒரு பயறு அளவு எடுத்துக் காதுக்குப் பின்னால் தடவிவிட்டு இரண்டு நாள் பார்ப்பது. அரிப்போ தடிப்போ வந்தால் அந்தக் கலர் அந்தத் தலைக்கு ஆகாது. ஒத்துக்கொண்ட தலைக்கும் திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். இரண்டு நாள் கழித்து மறுபடி வரச்சொன்னால் எந்தக் கஸ்டமருக்குத்தான் பிடிக்கும்? பழகின தலைகளுக்கு நாங்கள் டெஸ்ட் செய்யாமலேயே டிக் போட்டுவிடுவோம். நாங்கள் என்ன நாங்கள், நான்தான் போட்டேன்.

வீட்டில் கலர் போடுகிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மஸ்கட்டில் பாதிப் பெண்களுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. புருஷன் கொண்டுவந்து விட்டால்தான் சலூன். அவருக்கோ வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்றைக்கு இங்கே நிற்க இடமிருக்காது. மூன்று வாரத்தில் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்த்துவிடும். பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட் தொங்குகிறது, பாத்ரூமில் கண்ணாடி இருக்கிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இந்தப் புத்தி இல்லை.

என் ஏச்சு ஆரம்பித்தது ஒரு புகையில். ஹைதராபாத்காரப் பெண் ஒருத்தி ஹைலைட்ஸ் வேண்டும் என்று வந்தாள். வீட்டில் எதுவும் போடவில்லை என்று சொன்னாள். ஃபாயில் பேப்பரில் ப்ளீச் தடவி மடித்து வைத்து ஐந்து நிமிடம் இருக்காது, உச்சந்தலையில் ஃபாயில் சுடுகிறது என்று கத்துகிறாள். பிரித்தால் புகை. முடி கையோடு வருகிறது. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுவி முடிப்பதற்குள் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள், இரண்டு வருஷமாக ஊரிலிருந்து வரும் கருப்பு மெஹந்திப் பொடியைத்தான் போடுகிறாளாம். "அது மெஹந்திதானே, கலர் இல்லையே" என்றாள். சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும், ப்ளீச் பட்டால் கொதிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் பிடரியில் உள்பக்கமாகப் பத்து இழை வெட்டி நூலால் கட்டி, கலரைப் பிடிக்கவைக்கிற டெவலப்பர் திரவமும் சில சொட்டு அமோனியாவும் கலந்த கண்ணாடிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் முக்கி வைத்துப் பார்க்கச் சொன்னார் மேடம். கிண்ணம் சுட்டால் தலையைத் தொடக்கூடாது.

முடிக்கு அந்தக் கிண்ணம் வந்தது. ஆளுக்கு என் வாய் வந்தது. வீட்டில் கலர் போட்டுக்கொண்டு யார் வந்தாலும் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, சலூன் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்துவிடுவேன். தலைக்குச் சாயம் போட்டியளா, வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிச்சியளா என்பேன். உங்க மாப்பிள்ளை கையில பெயின்ட் பிரஷைக் கொடுத்தியளோ என்பேன். தமிழ்க் கஸ்டமர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு இந்தியில் ஏசுவேன், அவர்களும் சிரிப்பார்கள். ஏச்சு வாங்கவென்றே செல்விதான் வேண்டும் என்று என்னிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்கிறவர்கள் உண்டு. மேடத்துக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நான் ஆரம்பித்தால் வந்து கதவருகில் நின்று ரசிப்பார். எல்லோரையும் என் சொந்தக்காரிகளாக நினைத்துத்தான் ஏசினேன். ஏச்சு வாங்குகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜமீலா லாத்தா காயல்பட்டினம். என் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால் முதல் நாளிலேயே, அவர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல லாத்தா என்று ஒட்டிக்கொண்டேன். அவர் கணவர் ரூவியில் துணிக்கடை வைத்திருந்தார். லாத்தா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஆறு வருஷம் அவர் தலை என் கையில்தான். ஒருதரம் பாக்கெட் சாயத்தை அப்பிக்கொண்டு நெற்றியெல்லாம் கறையோடு வந்தபோது வழக்கம்போல் ஏசித் தீர்த்தேன். அன்றைக்கு அவர் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். லாத்தாவும் சிரித்தார். ஆனால் காது மட்டும் சிவந்துபோயிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன்.

அவருடைய ஒரே மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் முடிவானது. காயலில் கல்யாணம் பெண் வீட்டில்தான், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். கணவரும் மகளும் இரண்டு வாரம் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். லாத்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்தது கடைசி நேரத்தில். நிக்காஹுக்கு நாலு நாள் இருக்கும்போது சாயங்காலம் சலூனுக்கு வந்தார், மறுநாள் ராத்திரி ஃப்ளைட். டெஸ்டுக்கு நேரமில்லை. ஆறு வருஷமாகப் போடுகிற அதே கலர், அதே நம்பர். போன முறைக்கும் இந்த முறைக்கும் மூன்று மாத இடைவெளி இருந்தது. அவ்வளவு நாள் வெள்ளையோடு இருக்கிற ஆளில்லை லாத்தா. எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"லாத்தா, வீட்டுல எதையும் தொட்டியளா? தொட்டிருந்தா கொன்னுப்புடுவேன், ஆமா."

பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். லாத்தாவும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இல்லம்மா, தொடல" என்றார்.

கார்டில் வீட்டுக் கலர் இல்லை என்று எழுதினேன். டெஸ்ட் என்ற இடத்தில் டிக் போட்டேன். லாத்தா கையெழுத்துப் போட்டார். நாற்பது கிராம் கலர், அறுபது டெவலப்பர், தராசில் கணக்காக நிறுத்துக் கலக்கினேன். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

அரை மணி நேரத்தில் அரிக்கிறது என்றார். உடனே கழுவினேன். கழுவும்போதே நெற்றி தடித்துக்கொண்டு வந்தது. துவைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தினால், கண்ணிமை இரண்டும் வீங்கி மூடுகின்றன. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க முடியவில்லை என்று கையால் காட்டினார். மேடம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நான் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே என்ன போட்டிய, சொல்லுங்க லாத்தா, டாக்டர் கேப்பாங்க என்று கெஞ்சினேன். அப்போதுதான் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கடையில் உதிரியாக விற்கிற கருப்பு மருதாணியை வாங்கிக் குழைத்துப் போட்டாராம். அன்றைக்கே காதுக்குப் பின்னால் கொப்புளம் வந்ததாம். தேங்காயெண்ணெய் தடவி ஆற்றிவிட்டாராம். அந்தப் பொடியிலும் எங்கள் கலரிலும் கருப்பைத் தருவது ஒரே மருந்துதான். அந்தக் கொப்புளம்தான் டெஸ்ட். அவர் உடம்பே ஒரு டெஸ்ட் செய்து, ஆகாது என்று பதிலும் சொல்லியிருக்கிறது. அது எனக்கு வந்து சேரவில்லை.

ஆம்புலன்ஸ் போனதும் மேடம் கார்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். டிக்கைத் தொட்டுக் காட்டி, செய்தாயா என்று கேட்டார். நான் ஆறு வருஷம் என்று ஆரம்பித்தேன், அவசரம் என்றேன், ஃப்ளைட் என்றேன். அவர் கையை உயர்த்தினார்.

"செல்வி, கஹானி மாஃபி. யெஸ் ஆர் நோ?"

கதை வேண்டாம் என்று அர்த்தம். நோ என்றேன்.

கார்டில் லாத்தாவின் கையெழுத்து இருந்தது. வீட்டில் எதுவும் போடவில்லை, டெஸ்ட் ஆயிற்று என்பதற்குக் கீழே. அந்தத் தாளை அப்படியே வைத்திருந்தால் பொய் சொன்னது கஸ்டமர், சலூன் தப்பித்திருக்கும், நானும் தப்பித்திருப்பேன். மேடம் ஒரு பேனாவை நீட்டி, டெஸ்ட் செய்யவில்லை என்று கீழே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவரும் போட்டார். ஒரு சிகரெட்டை எடுத்து, லைட்டரைப் பற்றவைக்க மூன்று தடவை முயன்றார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போ, அவங்க கண்ணைத் திறக்கிறவரைக்கும் உனக்கு இங்கே டியூட்டி இல்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு முனிசிபாலிட்டியிலிருந்து ஆள் வந்து விசாரித்து, கலர் செக்‌ஷனை ஒரு மாதம் மூடிவைத்தார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி சலூன் முதலாளியம்மா கேட்டதும், மேடம் மறுத்ததும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

லாத்தாவுக்கு ஊசியும் ஆக்சிஜனும் கொடுத்து மூச்சைச் சரிசெய்துவிட்டார்கள். முகம் மட்டும் ஆளே அடையாளம் தெரியாதபடி வீங்கி, தலையோரமெல்லாம் நீர் வடிந்தது. ஃப்ளைட் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் போனில், நான் இப்பவே கிளம்பி வாரேன் என்று துடித்தார். லாத்தா வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்.

"வாப்பா இல்லாம நிக்காஹ் நடக்காது. உம்மா இல்லாட்டி நடக்கும்" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தன் வீட்டில், தன் ஒரே மகளின் கல்யாணம். ஊர் முழுக்க அங்கே இருக்கிறது, அவர் மட்டும் இங்கே கண் தெரியாமல் படுத்திருக்கிறார். அதுவும் எதனால்? வகிட்டில் தெரிந்த விரலளவு வெள்ளையால். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஊட்டுவேன், ஈரத்துணியால் கண்ணை ஒற்றுவேன். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் நானே கேட்டுவிட்டேன், ஏன் லாத்தா சொல்லல என்று. நீ அன்னைக்கு ஏசினியே, எங்க ஊர்க்காரியெல்லாம் இருக்கும்போது, அதுக்கப்புறம் ஒரு வருஷம் எங்க வீட்டு விசேஷங்கள்ல அதைச் சொல்லித்தான் சிரிச்சாங்க, பெயின்ட் ஜமீலான்னு பேர் வச்சாங்க என்றார். மறுபடியும் அதைக் கேட்க முடியாதும்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

நாலாம் நாள் நிக்காஹ். மகளுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை, காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்து போன் வந்தது. லாத்தா தன் பக்கத்துக் கேமராவைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கண் திறக்கவில்லை, அதனால் நான்தான் பார்த்துச் சொன்னேன். மாம்பழ நிறப் பட்டு லாத்தா, ஓரமெல்லாம் ஜரிகை. நெத்தியில பெரிய சுட்டி. கையில மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கு, செக்கச்செவேல்னு இருக்கு. பூ? பூ இடுப்பு வரைக்கும் தொங்குது லாத்தா. அவர் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றார். கழுத்தில் அவருடைய காசுமாலை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு என்றதும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

ரிஸ்வானா கேமராவைப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நெட்டு சரியில்லை என்று லாத்தா சமாளித்தார். அப்போது அந்தப் பக்கம் அவருடைய மூத்த சகோதரி பேசுவது கேட்டது. அந்த அம்மாவுக்கு எப்படியோ விஷயம் எட்டியிருந்தது. காய்ச்சலாவது ஒண்ணாவது, அந்தப் பார்லர்காரிதான் எதையோ பூசி முகத்தைக் கெடுத்துட்டா, அவ மேல கேஸ் போடாம விடக்கூடாது என்று கூட்டத்தில் சத்தமாகச் சொன்னார். போன் என் கையில்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேமராவைப் போடு செல்வி" என்றார் லாத்தா.

போட்டேன். அந்தப் பக்கம் அவ்வளவு நேரம் இருந்த சத்தம் நின்றது. லாத்தா போன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்துப் பேசினார்.

"செல்வியை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அவ கேட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

இந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் வாயை மூடியிருந்தால் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் நான் நல்லவளாகியிருப்பேன். மூடத்தான் நினைத்தேன். முடியவில்லை.

"நான் கேக்கல லாத்தா. கொன்னுப்புடுவேன்னு சொன்னேன். அப்படிச் சொன்னா யாருதான் உண்மையைச் சொல்லுவாங்க?"

ரிஸ்வானா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளை உம்மாவின் முகத்தை முழுக்கப் பார்த்தாள். நெற்றி, இமை, தலையோரத்துப் புண் எல்லாவற்றையும். ஏன் போட்டீங்க என்று கேட்கவில்லை. ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்க, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, "வலிக்குதா உம்மா?" என்றாள்.

நாலு நாளாக டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், நான் மணிக்கொரு தரம் கேட்டேன். எல்லோருக்கும் பரவாயில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்த மனுஷி, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது" என்றார்.